மேல்பல்

12 ஆகஸ்ட் 2011

சுகந்தி போன் செய்தாள். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாம். அடுப்பிலிருந்து எடுக்க வேண்டிய பன் தட்டை மறந்துவிட்டு, "எங்கே, மேலயா கீழயா?" என்று கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். தங்கச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேலதாங்ண்ணா. கீழ இன்னும் வரல."

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் கீழ்ப்பல்தான் முதலில் வர வேண்டும். மேல்பல் முந்திக்கொண்டால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். கனிஷ்காவுக்குத் தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். சென்னியப்பன், வயது முப்பத்து நான்கு, உடுமலையில் பேக்கரி, கல்யாணம் ஆகவில்லை, மற்றபடி எந்தக் கெடுதலும் இல்லாதவன்.

சுகந்தியின் மாமியார் மயிலாத்தாள் அத்தை போனை வாங்கினார். "சென்னி, கீழ்ப்பல்லு வர்ற வரைக்கும் நீ குடிமங்கலம் பக்கம் வராத சாமி. புள்ளை மொகத்தப் பாக்கக் கூடாது. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றேன்.

"நம்ப வேண்டாம். வராம இருந்தாச் செரி."

பன் கருகிவிட்டது. அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை.

19 ஆகஸ்ட் 2011

கையைச் சுட்டுக்கொண்டேன். பேக்கரிக்காரன் கை சுடுவது ஒரு செய்தியா? ஆனால் டீ மாஸ்டர் அய்யாசாமி என் கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு பாலைக் கிளறப் போய்விட்டான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

2 செப்டம்பர் 2011

ஹெல்மெட் வாங்கினேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

17 செப்டம்பர் 2011

குடிமங்கலம் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வேலையாக நின்றிருந்தேன். சுகந்தி குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவாள் என்பது எனக்கு நினைவில்லை. ஜன்னல் ஓரத்தில் அவள் தோளில் ஒரு குல்லாய் தெரிந்தது. முகம் அந்தப் பக்கம் இருந்தது. அத்தை சொன்னது முகத்தைத்தான். குல்லாயைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

20 அக்டோபர் 2011

காது குத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். கார்த்திகை மாதம், குலதெய்வம் கோவிலில். மாப்பிள்ளை தங்கராசு போனில் நேராகப் பேச முடியாமல் மழையைப் பற்றிப் பேசினார், மில்லில் ஷிப்டு மாறியதைப் பற்றிப் பேசினார். கடைசியில் சொன்னார். "மச்சான், அதுக்குள்ள கீழ்ப்பல்லு வரலீன்னா உங்க பெரியப்பா மகன் துரைசாமி மடியில உக்கார வெச்சுக்கலாம்னு அம்மா சொல்றாங்க. நீங்க தப்பா எடுத்துக்கப்படாது."

துரைசாமி மடி. அவன் மடியில் உட்காரக் கோழிக்குஞ்சுகூட யோசிக்கும். மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதற்காகத்தான் மாமன் என்று ஒருவனை வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று, குழந்தையின் கீழ் ஈறைக் கொஞ்சம் கவனிக்கும்படி கேட்டுக்கொண்டேன். நம்பிக்கை வேறு, கேட்டுக்கொள்வது வேறு.

9 நவம்பர் 2011

வந்துவிட்டது. கீழே, நட்டநடுவில், அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக.

கடையை அய்யாசாமியிடம் விட்டுவிட்டுக் குடிமங்கலம் போனேன். சுகந்தி கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் துணியை நனைத்து, குழந்தையின் ஈறைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் விரலை நீட்டினேன். கனிஷ்கா அதை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் கொண்டுபோய்க் கடித்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் என் விரல். சுரீர் என்றது.

மூன்று மாதத்துக்கு முன் அந்த வாயில் ஒன்றுமே இல்லை. பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிய ஒரு ஜீவன், யாரும் சொல்லிக் கொடுக்காமல் கல் போல ஒன்றை உள்ளேயிருந்து செய்து வெளியே தள்ளியிருக்கிறது. நான் பதினெட்டு வருஷமாக மாவு பிசைகிறேன். ஈஸ்ட் இல்லாமல் எனக்கு ஒரு பன் உப்பாது.

27 நவம்பர் 2011

என் மடியில்தான். அழுது தீர்த்தாள். வேட்டியை நனைத்தாள். துரைசாமி பந்தி பரிமாறினான்.

6 ஜூலை 2013

கனிக்கு இரண்டரை வயது. மேல்வரிசை முன்பற்களில் ஈறோரமாக முதலில் சுண்ணாம்புக் கோடு போல இருந்தது, இப்போது பழுப்பாகிவிட்டது. தொட்டால் அழுகிறாள். சாப்பாட்டைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு விழுங்க மாட்டேன் என்கிறாள். மயிலாத்தாள் அத்தை மட்டும், "விழப் போற பல்லுக்கு டாக்டரா?" என்றார். அதையும் மீறி உடுமலைக்கு அழைத்து வந்தோம்.

டாக்டர் ரெஜினாவின் பல் ஆஸ்பத்திரி எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி. நாற்காலியைப் பார்த்ததும் கனி சுகந்தியின் கழுத்தை விடவில்லை. டாக்டர் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். என் முட்டியும் அவர் முட்டியும் இடிக்கிற அளவுக்கு. "நீங்க மாமாங்களா? பாப்பாவ உங்களப் பாத்து மடியில உக்கார வெச்சு, அப்படியே பின்னால சாயுங்க. தலை என் மடிக்கு வரட்டும்." அப்படியே செய்தோம். பாதிக் குழந்தை என் மடியில், தலை டாக்டர் மடியில். கனி தலைகீழாக டாக்டரைப் பார்த்துத் திகைத்துப்போய் அழுகையை நிறுத்தினாள். வாய் திறந்தே இருந்தது. பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்துவிட்டார்.

"ராத்திரி பாட்டில்ல பால் குடுத்துத் தூங்க வெப்பீங்களா? சக்கரை போட்டு?"

சுகந்தி தலையை ஆட்டினாள்.

"அது போக?"

"ரஸ்க்கு, கேக்குத் துண்டு, தேன் பன்னு. அண்ணன் கொண்டாருவாரு. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள்."

தினமும் என்று அவள் சொல்லவில்லை. நல்ல தங்கச்சி.

பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கினால் பால் பல்லின் மேல் தேங்கி நின்று அரித்துவிடுமாம். பாட்டில் இனி கிடையாது. காலையிலும் படுக்கப் போகும்போதும் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். மூன்று வயது வரைக்கும் அரிசி அளவு பேஸ்ட், அதற்குப் பிறகு பட்டாணி அளவு. இனிப்பு சாப்பாட்டோடு மட்டும், நாளெல்லாம் கொறிக்க அல்ல. பழுப்பான இடத்தில் ஒரு மருந்து பூசினார். அந்த இடம் கறுத்துப்போகும், ஆனால் அரிப்பது நிற்கும் என்றார்.

"விழுற பல்லுத்தானுங்களே" என்று நானும் கேட்டுவிட்டேன்.

"பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டுப் புடிப்பமல்லங்க, அந்தத் துண்டுதானுங்க பால்பல்லு. ஆள் வர்றதுக்குள்ள துண்டை எடுத்துட்டா பக்கத்துல இருக்கறவன் நகந்து உக்காந்துக்குவான். அப்பறம் சொந்தக்காரன் கோணலாத்தான் நிக்கோணும்."

8 ஜூலை 2013

குடிமங்கலம் போகும்போது கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். பேக்கரிக்காரன் தன் கடையைத் தாண்டிப்போய்ப் பழக்கடையில் நிற்பதை அய்யாசாமி பார்த்துக்கொண்டே இருந்தான்.

18 பிப்ரவரி 2017

இன்றைக்குப் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கனிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஈறு வீங்கியிருந்தது. அது புதுக் கடைவாய்ப்பல் வருகிற இடம், எந்தப் பல்லும் விழாமல் தானாகப் பின்னால் வரும், பால்பல் என்று நினைத்து எல்லாரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள், அது ஆயுசுக்கும் உள்ள பல் என்றார் டாக்டர். பிறகு தாடை முழுக்கத் தெரிகிற படம் ஒன்று எடுத்தார். ஒரு மெஷின் அவள் தலையைச் சுற்றி வந்தது. படத்தைத் திரையில் போட்டார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

என் கனியின் சின்ன வாயில் தெரிகிற பற்களுக்கு மேலே, கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே எலும்புக்குள், இன்னொரு வரிசை பற்கள் இருந்தன. கீழ்த் தாடைக்குள்ளும் அப்படியே. பெரியவை, முழுசானவை, நெருக்கியடித்துக்கொண்டு, சில சாய்ந்து, சில படுத்து. நாளைக்குக் கல்யாணப் பெண்ணாக நிற்கும்போது எந்தப் பல்லோடு சிரிப்பாளோ அந்தப் பல். அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த நாளிலெல்லாம் அது அங்கே தயாராகிக்கொண்டு இருந்திருக்கிறது. பென்சில் தொலைந்ததென்று அழுத முகத்துக்குள் இத்தனையும் இருந்திருக்கின்றன.

"எல்லாருக்கும் இப்படித்தானுங்களா?"

"எல்லாருக்குந்தானுங்க. உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

பால்பல்லை யாரும் தள்ளி விழவைப்பதில்லையாம். கீழிருந்து பெரிய பல் ஏறி வர வர, சின்னதின் வேர் தானாகக் கரைந்துகொண்டே வரும். கடைசியில் பிடிமானம் இல்லாமல் தொப்பி மட்டும் மிஞ்சும். அதனால்தான் விழுந்த பால்பல்லில் வேரே இருப்பதில்லை. சின்னவன் தன் காலைக் கரைத்து வழி விடுகிறான்.

கனி திரையைப் பார்த்து, "மாமா, பேய் மாதிரி இருக்கறேன்" என்றாள். எனக்குக் கோவிலில் நிற்பது போல இருந்தது.

14 மே 2017

முதல் பல் விழுந்தது. கீழ் முன்பல். பள்ளி லீவுக்கு என்னோடு இருந்தாள். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும். அப்போதுதான் புதுப்பல் நன்றாக முளைக்கும். அவர்கள் வீட்டில் கூரை இல்லை, மொட்டை மாடிதான். என் அடுப்புக் கொட்டகைக்கு ஓட்டுக் கூரை இருக்கிறது. உடுமலை கடைவீதியில் சாணிக்கு எங்கே போவது? மைதா மாவைக் கிள்ளி உருண்டை பிடித்தேன், நடுவில் பல்லை வைத்து மூடினேன், கூரைமேல் எறிந்தேன். கனி கை தட்டினாள். இனி எல்லாப் பல்லையும் மாமா கடைக்கே கொண்டு வருவாளாம்.

எறிந்த கையோடு ஒரு காக்கை வந்து உருண்டையைத் தூக்கிக்கொண்டு போனது. அதையும் ரசித்தாள்.

22 ஏப்ரல் 2018

மேல் முன்பற்கள் இரண்டும் முளைத்து இறங்கிவிட்டன. இவைதான் படத்தில் பார்த்த ஆசாமிகள். முகத்துக்குப் பெரிதாக இருக்கின்றன. விளிம்பு ரொட்டி வெட்டுகிற கத்தி போல வரிவரியாக இருக்கிறது. புதுப்பல் அப்படித்தான் வருமாம், கடித்துக் கடித்துத்தான் தேயும். அவள் சிரித்தபோது, "வாங்க, வாங்க" என்று பல்லுக்கு வணக்கம் வைத்தேன். பைத்தியம் என்றாள்.

16 நவம்பர் 2019

உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். காலில் கட்டுப் போட்டிருக்கிறது.

சனிக்கிழமை. கனி கடைக்குப் பின்சந்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது ஆக இன்னும் இரண்டு மாதம். மாவு மூட்டை இறக்குகிற வண்டியில் மோதி, முகம் கைப்பிடியில் பட்டுவிட்டது. கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே உள்ளே ஓடி வந்தாள். இன்னொரு கையை நீட்டினாள். ரத்தத்தில் நனைந்த பல் ஒன்று. போன மாதம்தான் பால்பல் ஒன்று விழுந்து அதையும் எறிந்திருந்தோம். "அழுவாத அம்மிணி, பல்லுத்தான, முளைச்சுக்கும்." கை தானாக மாவைக் கிள்ளியது, உருட்டியது, எறிந்தது. யாருடைய கை என்பதை எழுதப் போவதில்லை.

பிறகுதான் அவள் கைக்குட்டையை எடுத்தாள். மேலே நடுவில் ஓட்டை. எந்தப் பல்லுக்கு வணக்கம் வைத்தேனோ அந்த இடத்தில்.

அந்தப் படம் கண் முன்னால் வந்தது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, அவ்வளவுதான். அதற்கு மேலே எலும்புக்குள் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"பல்லு இப்ப எங்கிருக்குது?"

"கூரைமேலங்க."

டாக்டர் பதற்றமே இல்லாத குரலில் சொன்னார். "உடனே எடுங்க. வெள்ளைப் பக்கத்தை மட்டும் புடிங்க. வேரைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது. பால்ல போட்டு ஓடியாங்க. நேரம் போகப் போக உசுரு போயிரும். பல்லுக்குச் சொல்றேன்."

ஏணியை எடுத்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்கக் கூடாது. கூரை முகட்டில் காக்கை வந்து உட்கார்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக மைதா உருண்டை தின்று பழகிய காக்கை. கீழேயிருந்து அய்யாசாமி டபராவைத் தட்டி விரட்டினான். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். கனி கேட்டிருப்பாள்.

இரண்டு கூரை சேருகிற தகரக் காடியில் காய்ந்த உருண்டைகள் கிடந்தன. காக்கை விட்டுவைத்தவை. ஒன்றை உடைத்தேன். உள்ளே வேரில்லாத ஒரு தொப்பி, உள்ளே குடைந்த மாதிரி. இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவது ஈரமாக, கொஞ்சம் சிவந்து இருந்தது. பிரித்தேன். நீளமாக வேரோடு இருந்தது. அத்தனை நீளம் ஈறுக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வெளியே தெரிவது பாதிகூட இல்லை. விளிம்பில் அந்த வரிகள் இன்னும் அப்படியே இருந்தன.

அய்யாசாமி ஏணியில் பாதி ஏறி டம்ளர் பாலை நீட்டினான். ஆற வைத்த பாலா என்று கேட்டேன். "பச்சைப் பாலுங்" என்றான். பல்லைப் போட்டு டம்ளரை அவன் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் ஓடு உடைந்தது. அதை மட்டும் நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். கொட்டகைக்குள் மைதா மூட்டைகளின் மேல் விழுந்தேன். கால் மட்டும் மூட்டைக்கு வெளியே போய்விட்டது.

ஆட்டோவில் நடுவில் கனி, அவள் மடியில் டம்ளர். ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் பல்லைப் பால் வழிய எடுத்தார், உப்புத் தண்ணீரை மேலே ஊற்றினார், மாவு கரைந்து போனது. மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு அது வந்த குழிக்குள்ளேயே அதை வைத்து அழுத்தினார். சட்டென்று உட்கார்ந்தது, சாவி பூட்டில் உட்காருகிற மாதிரி. பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒட்டினார். அண்ணாந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத வாய் போல இருந்தது.

"யாரு கூரைமேல எறிஞ்சது?" என்று கேட்டார் டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தான்" என்றாள் கனி, வீங்கிய உதட்டோடு. என்னைப் பார்க்கவே இல்லை.

"மாவுல வெக்கச் சொல்லி எங்கியும் சொல்லித் தர்லீங்க" என்றார் டாக்டர் என்னிடம். "ஆனா காயாம இருந்திருக்குது. வேர் நுனி இன்னும் மூடலை. சின்ன வயசு. புடிச்சாலும் புடிக்கும். எலும்போட ஒட்டிப் போச்சுன்னா, வளர்ற வயசுல பக்கத்துப் பல்லெல்லாம் எறங்க, இது மட்டும் மேலயே நின்னுரும். அப்பறம் எடுக்கறதுதான். வருசக் கணக்குல பாக்கோணுங்க."

டெட்டனஸ் ஊசி அவளுக்கு. மாவுக்கட்டு எனக்கு. கணுக்கால் எலும்பில் விரிசல்.

17 நவம்பர் 2019

மயிலாத்தாள் அத்தை வந்தார். ஊரெல்லாம் பேச்சாம், மேல்பல் மாமனைக் கூரையிலிருந்து தள்ளிவிட்டது என்று. என் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைத் தடவினார். இதைத்தானே அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

"எட்டு வருசமா எனக்குப் பயந்தான் சென்னி. அந்தப் பல்லு உன்னைய வாங்கீரும்னு. நீ போயி அதையே வாங்கியாந்துட்டே."

அது வேறு பல், முதலில் வந்தது எப்போதோ விழுந்து காக்கைக்குப் போய்விட்டது என்று சொல்லலாமென்று நினைத்தேன். சொல்லவில்லை. அத்தை கொண்டுவந்த பருப்புச் சோற்றைச் சாப்பிட்டேன்.

30 நவம்பர் 2019

கம்பியை எடுத்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு போனேன். பல் ஆடவில்லை. டாக்டர் கண்ணாடிக் குச்சியின் பிடியால் பக்கத்துப் பல்லைத் தட்டினார். டொக், டொக். பிறகு இதைத் தட்டினார். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, அது பிழைத்தால் இரண்டும் ஒரே சத்தம் கொடுக்கும், எலும்போடு ஒட்டிவிட்டால் கணீரென்று உலோகம் போலக் கேட்கும் என்றார்.

ரொட்டி வெந்ததா என்று நானும் அடியில் தட்டித்தான் பார்ப்பேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். இப்போதைக்கு ஒரே சத்தம்தான்.

3 மே 2020

ஊரடங்கு. பல் ஆஸ்பத்திரி மூடியிருக்கிறது. டாக்டர், சுகந்தி, நான், மூன்று பேரும் ஒரே போன் அழைப்பில். சுகந்தி ஸ்பூன் காம்பால் கனியின் பல்லைத் தட்ட வேண்டும். "மெதுவா தட்டு" என்றேன். "உங்களுக்கெங்கீங்ண்ணா தெரியப் போகுது நான் எப்படித் தட்டறேன்னு" என்றாள். டொக். டொக். டொக். எது எந்தப் பல் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் நல்ல செய்தி என்றார் டாக்டர்.

கனி இன்னும் அந்தப் பல்லால் எதையும் கடிப்பதில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பக்கவாட்டில் போட்டுக்கொள்கிறாள். போட்டோ எடுத்தால் உதட்டைச் சேர்த்துக்கொள்கிறாள்.

14 மார்ச் 2021

கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அம்மிணி?"

"கூசுது மாமா."

"எங்கே?"

விரலை வைத்துக் காட்டினாள். அந்தப் பல்.

இரண்டு தெருவையும் நடந்தே போனோம். ஐஸ்கிரீம் கையில் உருகிக்கொண்டே வந்தது. டாக்டர் பஞ்சில் குளிர்ந்த மருந்தை எடுத்து அதைத் தொட்டார். கனி கையைத் தூக்கினாள். அவர் வேறு பல்லைத் தொட்டார், மறுபடியும் இதைத் தொட்டார். கனி மறுபடியும் தூக்கினாள். டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நரம்பு திரும்ப உள்ள போயிருக்குதுங்க. உசுரு வந்துருச்சு."

கூரைமேல் கிடந்த பல். காக்கை தூக்கியிருக்க வேண்டிய பல். மாவுக்குள்ளும் பாலுக்குள்ளும் முங்கி எழுந்த பல். அதற்குக் குளிர்கிறது. உடம்பு அதைத் தன்னுடையது என்று அடையாளம் கண்டு, எலும்புக்குள்ளிருந்து ரத்தத்தையும் நரம்பையும் நூல் போல விட்டு, அதன் நுனி வழியாக உள்ளே அனுப்பியிருக்கிறது. யாரும் ஏவவில்லை. இவள் அந்த மாதங்களில் வீட்டுப்பாடம் செய்யாமல் சுகந்தியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. யாரை என்று தெரியாததால் டாக்டரைக் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

இருந்தாலும் வளர்ந்து முடிகிற வரை பார்க்க வேண்டும் என்றார்.

26 ஜனவரி 2025

பதினான்கு வயது. என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். இப்போது அவளே பல் தேய்க்கிறாள், நூல் விட்டு இடுக்கைச் சுத்தம் செய்கிறாள், என் பல்லைப் பார்த்து, "மாமா, நீங்க டாக்டர்ட்ட போயி எத்தனை நாளாச்சு?" என்று கேட்கிறாள். பேச்சை மாற்றினேன்.

டாக்டர் லீவு நாளிலும் எங்களுக்காகத் திறந்து வைத்திருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. முதலில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். நான்கு முன்பற்களும் ஒரே கோட்டில் இறங்கியிருந்தன. அது மட்டும் மேலே நின்றுவிடவில்லை. பிறகு தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். டொக், டொக், டொக், டொக். எது என் கூரையில் கிடந்தது என்று என் காதுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரிய படம் ஒன்று எடுத்தார். ஆறு வயதில் எடுத்ததைப் பக்கத்தில் போட்டார். அன்றைக்கு எலும்புக்குள் நெருக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் வெளியே வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விழுந்து எழுந்தவன் வேர், பக்கத்தில் இருப்பவன் வேரை விடக் கொஞ்சம்தான் குட்டை, நுனி மூடியிருந்தது. நான் படத்தை விட்டு நகர்வதாக இல்லை. டாக்டர் கடைசி மூலைகளைக் காட்டினார். நான்கு மூலையிலும் மங்கலாக, முட்டைக்குள் குஞ்சு போல, ஏதோ உருண்டிருந்தது.

"இது இன்னியுமா?"

"கடைசிக் கடைவாய்ப் பல்லுங்க. பதினெட்டு, இருவதுல வரும். இப்பத்தான் உருவாகுது."

இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

"பல்லு பொழச்சுருச்சுங்க" என்றார் டாக்டர். "இனி வருசத்துக்கு ஒருக்கா எல்லாரும் வர்ற மாதிரி வந்தாப் போதும். கனி, நீ அதுல கடிக்கலாம்."

கனி உதட்டைச் சேர்த்துக்கொண்டாள். ஐந்து வருஷப் பழக்கம்.

வெளியே பழக்காரம்மா வண்டி நின்றிருந்தது. வழக்கம்போலக் கொய்யா வாங்கினேன். கனிக்கென்று வெட்டித் தரச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையிலிருந்து முழுப் பழத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மாமா, அன்னைக்கு யாரு எறிஞ்சாங்கன்னு நான் இன்னும் அம்மாகிட்டச் சொல்லல" என்றாள்.

"தெரியும் சாமி."

"சொல்ல மாட்டேன்."

முன்பல்லால் கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. மென்று விழுங்கிவிட்டு, நடுத்தெருவில், பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருக்க, பல் அத்தனையும் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மீதிப் பழத்தை என் கையில் கொடுத்தாள். வெள்ளைச் சதையில் இரண்டு பல் தடம், பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஆழத்தில். நான் அதைச் சாப்பிடவில்லை. கடைக்குக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வைத்திருக்கிறேன். அய்யாசாமி இரண்டு தடவை எடுத்துப் போடப் பார்த்தான். நாளைக்குப் போட்டுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.